திருத்திய கட்டுரைகளை வரைபடத்தில் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரை, ஒப்படைப்பு, செயல்திட்ட அறிக்கை ஆகியவற்றைத் திருத்தியபின் கையில் சேரும் எண்களைப் படமாக்கிப் பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கற்றல் பகுப்பாய்வு என்று பயிற்சி முகாம்களில் சொல்லப்படுவதன் ஒரு பகுதி இது. மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 36 பேர். ‘அரிட்டாபட்டியை ஏன் காக்க வேண்டும்?’ என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி, 20-க்கு மதிப்பெண் போட்டுவிட்டேன். பார் சார்ட் போட்டுப் பார்த்தால் யார் அதிகம், யார் குறைவு என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– தமிழாசிரியை, மேலூர்

பதில்: மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தொடங்கினால் அவ்வளவுதான் தெரியும். 20-க்கு 12 வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் நல்ல நடையில் விஷயமே இல்லாமல் எழுதியிருப்பார். மற்றவர் விஷயத்தைக் கொட்டிவிட்டுப் பத்தி பிரிக்கத் தெரியாமல் விட்டிருப்பார். கூட்டியதும் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். படத்துக்கு வேண்டியது கூட்டுவதற்கு முந்தைய எண்கள்.

அதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். ரூப்ரிக் என்பது இதுதான். ஐந்து கூறுகள் போதும்: நிலைப்பாடு, சான்று, அமைப்பு, மொழி, மூலம் காட்டுதல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நான்கு நிலைகள். மொத்தம் உங்கள் 20-க்கே வந்துவிடும். ஐந்து நிலை வைத்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் கை 3-க்குப் போகும். நான்கு வைத்தால் மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அரை மதிப்பெண்ணும் வேண்டாம், 2.5 போடுவது அந்த முடிவைத் தள்ளிப்போடுவதுதான்.

நிலைகளை எப்படி விவரித்து எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு நேர்கிறது. ‘சிறப்பு, நன்று, சுமார், குறைவு’ என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது. தாளில் விரல் வைத்துக் காட்டக்கூடியதை எழுத வேண்டும். ‘சான்று’ என்ற கூறுக்கு இப்படி எழுதலாம். நிலை 1: சான்றே இல்லை, ‘இயற்கையைக் காப்போம்’ வகைப் பொது வாசகங்கள் மட்டும். நிலை 2: சான்று உண்டு, ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும், ‘பழமையான மலை, பலவகைப் பறவைகள்’ என்பது போல. நிலை 3: அரிட்டாபட்டிக்கே உரிய விவரம் குறைந்தது இரண்டு இருக்கிறது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, இவற்றில் எதுவும் ஆகலாம். நிலை 4: அந்த விவரம் ‘ஏன்’ என்ற கேள்வியோடு இணைக்கப்பட்டிருக்கிறது, கல்வெட்டு உண்டு என்பதோடு நிற்காமல், பாறையை வெட்டிவிட்டால் கல்வெட்டு இன்னொரு முறை கிடைக்காது என்றும் சொல்கிறது.

இனி அட்டவணை. கூகுள் ஷீட்டில் ஒரு மாணவருக்கு ஒரு நிரை (கிடை வரிசை), ஒரு கூறுக்கு ஒரு நிரல் (செங்குத்து வரிசை). பெயருக்குப் பதில் வரிசை எண். தாள் தராதவருக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 0 போட்டால் சராசரியும் கெடும், வண்ணமும் கெடும். எண்கள் உள்ள பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதற்குள் கலர் ஸ்கேல் போங்கள். இங்கே கவனம் வேண்டும். நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால், அந்தப் பகுதியில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கு ஒரு முனை வண்ணமும் மிகப் பெரிய எண்ணுக்கு மறுமுனை வண்ணமும் விழும். வகுப்பில் எல்லோரும் 3, 4 வாங்கியிருந்தால், 3 வாங்கியவர் ஒன்றும் தெரியாதவர் போலப் படத்தில் நிற்பார். மின்பாயிண்ட், மேக்ஸ்பாயிண்ட் இரண்டிலும் ‘நம்பர்’ என்பதைத் தேர்ந்து 1 என்றும் 4 என்றும் நீங்களே நிலைநிறுத்துங்கள். அடுத்த கட்டுரையின் படத்தோடு வைத்து ஒப்பிடவும் அப்போதுதான் முடியும். சிவப்பும் பச்சையும் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்கள் மாணவரிலும் உண்டு, ஆசிரியரிலும் உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் இரண்டும் ஒரே சாம்பலாகவும் ஆகிவிடும். 1-க்கு வெள்ளை, 4-க்குக் கருநீலம் என்று ஒரே நிறத்தின் அடர்த்தி போதும்.

கடைசியாக, மொத்தத்தின்படி நிரைகளை வரிசைப்படுத்துங்கள். வரிசை எண் ஒழுங்கிலேயே விட்டால் சுங்குடிச் சேலை போல அங்கங்கே புள்ளிதான் தெரியும். வரிசைப்படுத்தியதும் மூன்று விதமான வெளுப்பு கண்ணில் படும். ஒரு நிரல் மேலிருந்து கீழ்வரை வெளுத்திருந்தால் அதில் மாணவர் மேல் குறை இல்லை. அது நாம் நடத்தாமல் விட்ட பாடம். ‘மூலம் காட்டுதல்’ அநேகமாக இப்படித்தான் கிடக்கும், ஏனென்றால் ‘இதை எங்கே படித்தாய், யாரிடம் கேட்டாய் என்று எழுது’ என்று நாம் சொல்லியே இருக்க மாட்டோம். ஒரு நிரை முழுதும் வெளுத்திருந்தால் அந்த மாணவரோடு தனியாக உட்கார வேண்டும். அடர்ந்த நிரையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெளுத்திருந்தால் அந்தத் தாளை எடுத்து மறுபடி படியுங்கள். மாணவர் சறுக்கியிருக்கலாம், நாம் களைப்பில் தவறவிட்டிருக்கவும் கூடும்.

படம் மதிப்பெண் போடுவதில்லை. எந்தத் தாளை மறுபடி எடுப்பது, நாளை வகுப்பில் எதை நடத்துவது என்ற இரண்டைச் சொல்லத்தான் அது. இரண்டில் ஒன்றையும் சொல்லாத படத்தை அழித்துவிடலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இந்த 36 தாளையும் ஐந்து கூறிலும் திரும்பத் திருத்த வேண்டியதில்லை. ‘சான்று’ ஒன்றை மட்டும் எல்லாத் தாளிலும் பார்த்து எண் போடுங்கள். ஒரே கூறைத் தேடிக்கொண்டு போனால் தாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஐந்தையும் அடுத்த கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அப்போது முதல் ஆறு தாளை மட்டும் கூறு கூறாகத் திருத்துங்கள், அதாவது ஆறிலும் சான்று, பிறகு ஆறிலும் அமைப்பு என்று. ஒரு தாளின் அழகான கையெழுத்து ஐந்து எண்ணையும் சேர்த்து உயர்த்திவிடுவது இதனால் குறையும்.

கேள்வி: இளங்கலை முதலாண்டில் இரண்டு பிரிவுகள். வாதத்தை நிறுவும் திறனில் ஒரு பிரிவின் சராசரி 2.6, மற்றதன் சராசரி 2.8. ஷீட் போட்டுத் தந்த சார்ட்டில் இரண்டாவது பிரிவின் தூண் முதலாவதைவிட இரண்டு மடங்கு உயரமாக நிற்கிறது. துறைக் கூட்டத்தில் காட்டலாமா?
– விரிவுரையாளர், திருப்பரங்குன்றம்

பதில்: இந்த வடிவில் காட்ட வேண்டாம். செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், 2.4-இல் தொடங்கியிருக்கும். தூண் படத்தில் கண் அளப்பது உயரத்தை. அடிப்பகுதி வெட்டுப்பட்டால் 0.2 வேறுபாடு இரண்டு மடங்காகத் தெரியும். சார்ட்டை இருமுறை சொடுக்கி, கஸ்டமைஸ் பகுதியில் வெர்டிக்கல் ஆக்சிஸைத் திறந்து, மின் என்ற இடத்தில் 0 கொடுங்கள். இரண்டு தூணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

அதைவிட, சராசரியையே விட்டுவிடுவது நல்லது. 20 பேரும் 2 வாங்கினாலும் சராசரி 2. பத்துப் பேர் 1, பத்துப் பேர் 3 வாங்கினாலும் சராசரி 2. முதல் வகுப்புக்கு ஒரே பாடம் போதும். இரண்டாவதில் பாதிப் பேருக்கு வாதம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மீதிப் பாதிக்கு எதிர்வாதத்தைக் கையாளச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்று கவுண்ட்-இஃப் சூத்திரத்தால் எண்ணி, நான்கு நிலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டையாகப் போடுங்கள். பட்டைக்குள் சதவீதத்தைவிட ஆள் எண்ணிக்கையே நல்லது. 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவரே 2.5 சதவீதம்; ‘5 சதவீதம் உயர்வு’ என்று அறிக்கையில் எழுதினால் அது இரண்டு பேர். உங்கள் 0.2-ஐயும் இப்படிப் பார்க்கலாம்: 40 பேரில் எட்டுப் பேர் ஒரு நிலை மேலே போனால் வருவது அது. இரண்டு பிரிவையும் வெவ்வேறு ஆசிரியர் திருத்தியிருந்தால், கை வேறுபாடு ஒன்றே அதைத் தந்துவிடும்.

கேள்வி: அதே கை வேறுபாடுதான் எங்கள் சிக்கல். மூன்று பிரிவை மூன்று பேர் திருத்துகிறோம். இன்டர்னல் மதிப்பெண்ணில் இது சேர்வதால் ‘அந்த சார் தாராளம், இந்த மேடம் கறார்’ என்று மாணவர்கள் குறைபடுகிறார்கள். சில தாள்களை மூவரும் திருத்தி, அந்த மதிப்பெண்களுக்குக் கோரிலேஷன் (ஒட்டுறவு எண்) போட்டோம், 0.9-க்கு மேல் வந்தது. அப்படியானால் சரிதானே?
– துறைத் தலைவர், கோரிப்பாளையம்

பதில்: சரியில்லை. ஒருவர் ஒவ்வொரு தாளுக்கும் மற்றவரைவிட 5 மதிப்பெண் குறைத்தே போட்டாலும் கோரிலேஷன் முழுதாக 1 வரும். இருவரும் தாள்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் அது சொல்கிறது. மாணவர் கேட்பதோ வேறு: ‘என் தாள் அவரிடம் போயிருந்தால் எனக்கு எவ்வளவு?’

இதற்கு வித்தியாசப் படம் போடுங்கள். மருத்துவத்தில் இரண்டு அளவை முறைகளை ஒப்பிடுவதற்காக மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் 1986-இல் எழுதிய கட்டுரையால் பரவிய படம் இது. திருத்துவோருக்கும் அப்படியே பொருந்தும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நான்கு தாள், அதாவது மொத்தம் 12 எடுங்கள். நல்லது, நடுத்தரம், பலவீனம் மூன்றும் கலந்திருக்க வேண்டும். பெயரும் பழைய மதிப்பெண்ணும் தெரியாதபடி மறைத்து நகலெடுத்து, மூவரும் தனித்தனியே திருத்துங்கள். பிறகு இருவர் இருவராக எடுத்து, கிடை அச்சில் இருவரின் சராசரி, செங்குத்து அச்சில் ஒருவரிலிருந்து மற்றவரைக் கழித்த வித்தியாசம் என்று புள்ளி வையுங்கள். 0-இல் ஒரு கோடு.

புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு ஒரே பக்கம் இருந்தால் ஒருவர் கை மொத்தமாக இறுக்கம். இது எளிது, பேசித் தீர்க்கலாம். இடது பக்கம் கோட்டை ஒட்டியும் வலது பக்கம் சிதறியும் இருந்தால், மோசமான தாள் எது என்பதில் இருவருக்கும் சம்மதம், நல்ல தாள் எது என்பதில் இல்லை. நாங்கள் அதிகம் கவலைப்படுவது இந்த வடிவத்தைப் பற்றித்தான். ‘நல்ல கட்டுரை’ என்பதற்கு ஒருவர் மனதில் ஆழம், இன்னொருவர் மனதில் துப்புரவு. மிக அதிக வித்தியாசம் வந்த இரண்டு தாளை மட்டும் மேசையில் வைத்து, மூவரும் வரி வரியாகப் படியுங்கள். எந்த வரிக்காக ஒருவர் கூட்டினார், மற்றவர் குறைத்தார் என்று கண்டுபிடித்து, அளவுகோலின் அந்த நிலை விவரத்தை மாற்றி எழுதுங்கள். மூன்று மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்துத் தருவது இதற்குத் தீர்வல்ல. கருத்து வேறுபாடு அப்படியே இருக்க, எண் மட்டும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கப்பா என்ற ஒப்புதல் எண்ணைச் சிலர் கேட்பார்கள். 12 தாளுக்கு அது நிலையாக நிற்காது. ஒரு தாள் மாறினாலே எண் குதிக்கும்.

கேள்வி: கட்டுரையைப் பதிவேற்றினால் தானே மதிப்பெண் போட்டு வரைபடமும் தரும் செயலியைப் பள்ளிக்கு விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா?
– தலைமையாசிரியர், உசிலம்பட்டி

பதில்: வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே திருத்திய 30 தாளைக் கொடுத்து, கிடை அச்சில் சொற்களின் எண்ணிக்கை, செங்குத்து அச்சில் செயலி தந்த மதிப்பெண் என்று புள்ளிப்படம் போடுங்கள். புள்ளிகள் சாய்ந்த கோடாக ஏறினால் செயலி நீளத்தைத்தான் அளக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், பொருளே இல்லாத ஆங்கிலக் கட்டுரைகளை உற்பத்தி செய்யும் நிரல் ஒன்றை 2014-இல் மாணவர்கள் சிலரோடு உருவாக்கி, திருத்தும் இயந்திரங்களுக்குக் கொடுத்தார். நீளமும் கடினச் சொற்களும் இருந்ததால் அவை உயர்ந்த மதிப்பெண் பெற்றன. ஒரே பத்தியை மூன்று முறை ஒட்டி நீட்டிய தாளையும் உங்கள் 30-இல் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அப்படியே உங்கள் ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் இதே படத்தைப் போடுங்கள். பக்கம் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் மனிதருக்கும் உண்டு.

கேள்வி: மாணவர் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரைகளில் சொல்வளம், வாக்கிய நீளம், சொல் மேகம் (அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும் படம்) எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் சொல்வளம் மிக அதிகமாக வருகிறது. நம்ப முடியவில்லை.
– பட்டதாரி ஆசிரியர், வாடிப்பட்டி

பதில்: நம்பாதது சரி. இந்தக் கருவிகள் பெரும்பாலும் இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கின்றன. கோயில், கோயிலில், கோயிலுக்கு, கோயிலையும் என்று எழுதினால் நான்கு வெவ்வேறு சொல்லாக எண்ணும். கோவில் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஐந்தாவது. அதனால் சொல்வளம் பொய்யாக ஏறும். சொல் மேகத்திலோ கட்டுரையின் மையப்பொருள் துண்டு துண்டாகச் சிதறிச் சிறுத்துவிட, ‘ஒரு’, ‘என்று’, ‘மற்றும்’ பெரிதாக வந்து நிற்கும். சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது என்பதிலேயே ஒரே பத்தியின் சொல் எண்ணிக்கை மாறும்.

எழுத்து எண்ணுவதிலும் இதே கதை. ‘தமிழ்’ என்பதில் நாம் காண்பது 3 எழுத்து. ஷீட்டின் லென் சூத்திரம் 5 என்று காட்டும். யூனிகோடில் இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் கணினிக்கு அது தமிழே இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எதையும் எண்ண வேண்டும். படிக்க எளிதா கடினமா என்று சொல்லும் ஃபிளெஷ் வகைச் சூத்திரங்களைத் தமிழுக்குப் போடாதீர்கள். அவை ஆங்கில அசைக் கணக்கில் அமைந்தவை.

இணைப்புச் சொற்களை எண்ணி வாதத்தின் வலிமையை அளக்கலாம் என்ற யோசனையும் வரும். ‘ஏனெனில்’, ‘ஆகவே’ என்று தேடினால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் ‘வைகையில் நீர் வராததால் கண்மாய் வறண்டது’ என்று எழுதிய மாணவி காரணத்தை ‘ஆல்’ என்ற உருபிலேயே சொல்லிவிட்டாள். தேடல் அவளை விட்டுவிடும். நன்றாகத் தமிழ் எழுதுகிறவருக்குக் குறைந்த மதிப்பு விழுவது இப்படித்தான்.

தமிழில் தயங்காமல் பயன்படுத்தக்கூடியது பத்தி நீளப் படம். ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை சொல் என்று எண்ணி, பத்திக்கு ஒரு பட்டை போடுங்கள். 90, 85, 20, 15 என்று இறங்கினால் முன்னுரையிலேயே நேரம் தீர்ந்துவிட்டது. ஒரே நீளப் பட்டை மட்டும் இருந்தால் பத்தி பிரிக்கவே இல்லை. சொல் எண்ணிக்கையில் ஐந்தாறு தவறினாலும் இந்தப் படத்தின் வடிவம் மாறாது.

கேள்வி: கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரியில் (பழைய பதிப்புகளின் பதிவில்) ஒரு மாணவரின் கட்டுரை ஒரே நிமிடத்தில் 600 சொல் ஏறியிருக்கிறது. காப்பி என்று முடிவு செய்யலாமா?
– ஆசிரியர், சோழவந்தான்

பதில்: கேள்வி கேட்கலாம், முடிவு செய்யக் கூடாது. நேரத்துக்கு எதிராகச் சொல் எண்ணிக்கையை வரைந்தால் செங்குத்தாக ஒரு ஏற்றம் வரும்; எங்கிருந்தோ ஒட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். அந்த ‘எங்கிருந்தோ’ அவருடைய போன் நோட்டாக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொண்டதாக இருக்கலாம், நெட் சென்டரில் வேறு கோப்பில் அடித்ததாக இருக்கலாம். பழைய பதிப்புகளைக் கூகுள் சில வேளை ஒன்றாகச் சேர்த்தும் விடும். ஒட்டிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். சொந்தமாக எழுதியவர் பெரும்பாலும் திரும்ப வந்து வரியை மாற்றுவார், அடிப்பார், சேர்ப்பார். அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கூப்பிட்டு ‘மூன்றாவது பத்தியில் ஏன் இப்படிச் சொன்னாய்?’ என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவிகளின் சதவீதத்தைத் தண்டனைக்கு ஆதாரமாக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் எழுத்தை இத்தகைய கருவிகள் தவறாக இயந்திர எழுத்து என்று குறிப்பதும் அதே ஆண்டு வந்த ஆய்வில் தெரிந்தது. நம் பிள்ளைகள் எல்லோரும் அந்த வகையில்தான் வருகிறார்கள்.

கேள்வி: முதுகலை மாணவியின் ஆய்வேட்டை எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் போட்டதில் ஒப்புமை 38 சதவீதம் என்று வந்திருக்கிறது. இது எந்த அளவு குற்றம்?
– வழிகாட்டி ஆசிரியர், தல்லாகுளம்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, 60-க்கு மேல் மூன்றாம் நிலை. ஆனால் அந்த 38-ஐ அப்படியே இதில் பொருத்திவிடாதீர்கள். முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், பொதுச் சொற்றொடர்கள், தற்செயலாக 14 சொல் வரை ஒத்துப்போவது ஆகியவற்றை அந்த விதியே கணக்கில் சேர்ப்பதில்லை. மென்பொருளின் வடிகட்டியில் இவற்றை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். பிறகு எந்த மூலத்திலிருந்து எவ்வளவு என்று பட்டைப் படமாகப் பாருங்கள். முப்பது மூலத்திலிருந்து ஒவ்வொரு சதவீதம் என்றால் அது பெரும்பாலும் துறைக்கே உரிய வழக்கமான தொடர்கள். ஒரே மூலத்திலிருந்து 25 என்றால் ஒரு இயலே பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் ஆய்வேடுகளில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: அச்சு நூலிலிருந்து எடுத்தது மென்பொருளின் கிடங்கில் இருக்காது, பழைய எழுத்துருக் கோப்பை அது வாசிக்காது. 2 சதவீதம் என்று வந்தாலும் நீங்கள் படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஐந்து கூறுகளையும் சிலந்திவலைப் படமாகப் போட்டால் அழகாக இருக்கிறது. போடலாமா?
– ஆசிரியர் பயிற்றுநர், பேரையூர்

பதில்: வேண்டாம். கூறுகளின் வரிசையை மாற்றினால் வலையின் பரப்பே மாறிவிடும். எண்கள் அப்படியேதான் இருக்கும். ஐந்து புள்ளிகளை ஒரே கோட்டு அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் எல்லோருடைய ஒப்படைப்பு மதிப்பெண்ணையும் தரவரிசைப் படமாக ஸ்மார்ட்போர்டில் காட்டுகிறார்கள். கடைசியில் இருப்பவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். மாணவருக்குக் காட்ட வேண்டிய படம் இதுதானா?
– பி.எட். மாணவி, ஒத்தக்கடை

பதில்: இல்லை. தரவரிசை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் சொல்வதில்லை. ஆசிரியருக்கான படமும் மாணவருக்கான படமும் வேறு வேறு. வகுப்பு முழுதும் உள்ள வண்ணக் கட்டம் ஆசிரியர் மேசையோடு நிற்க வேண்டும். மாணவருக்குத் தர வேண்டியது அவருடைய சொந்தத் தாள்களின் படம்: மூன்று ஒப்படைப்பு, ஐந்து கூறு, கூறுக்கு மூன்று புள்ளி. ‘சான்றில் 1-லிருந்து 3-க்கு வந்திருக்கிறேன், அமைப்பில் 2-லேயே நிற்கிறேன்’ என்று அவரே படித்துக்கொள்ளலாம். கீழே ஒரு வரி, அடுத்த தாளில் எதைச் செய்ய வேண்டும் என்று. மதிப்பெண்ணை இரண்டு நாள் கழித்துத் தருவது இன்னும் நல்லது. ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைக் கண்டதும் குறிப்பைப் படிப்பது நின்றுவிடுகிறது.

நாளை நீங்கள் ஆசிரியராகும்போது இதையும் நினைவில் வையுங்கள்: 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. பெயரோடு கூடிய மதிப்பெண் படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. அது நிற்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் எல்லாம் கையெழுத்து நோட்டுதான். ஆய்வகக் கணினி கிடைப்பதும் அரிது. ஏழாம் வகுப்புக்கு என்ன செய்யலாம்?
– ஆசிரியை, செக்கானூரணி

பதில்: வரைபடத்தாளும் ஒரு நீலப் பென்சிலும் போதும். நிரைக்கு ஒருவர், நிரலுக்கு ஒரு கூறு. நிலை 1-க்கு வெறும் கட்டம், 2-க்கு ஒரு கோடு, 3-க்கு இரண்டு கோடு, 4-க்கு முழுதும் தீட்டல். வளரறி மதிப்பீட்டுக் கட்டுரைகளைத் திருத்தும்போதே தீட்டிக்கொண்டு போகலாம். மொத்தத்தின்படி வரிசைப்படுத்த முடியாதே என்று தோன்றும். தாளை நிரை நிரையாகக் கத்தரித்து மேசையில் மாற்றி அடுக்கிப் பசையால் ஒட்டுங்கள்.

பிழைகளுக்குத் தனித் தாள். திருத்தும்போது ஓரத்தில் குறியீடு மட்டும் எழுதுங்கள்: ஒற்றுக்கு ‘ஒ’, லகர ளகர ழகரத்துக்கு ‘ல’, ரகர றகரத்துக்கு ‘ர’, ஒருமை பன்மைக்கு ‘எண்’. ஒவ்வொன்றையும் நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக எண்ணி, அதிகமானதிலிருந்து குறைந்ததுக்குப் பட்டை போட்டால் எதை முதலில் நடத்துவது என்று தெரியும். மாணவருக்கு மாணவர் ஒப்பிடும்போது மட்டும் மொத்தப் பிழையை எடுக்காதீர்கள். 180 சொல் எழுதி 9 பிழை விட்டவருக்கு 100 சொல்லுக்கு 5. 400 சொல் எழுதி 14 பிழை விட்டவருக்கு 3.5. மொத்தத்தைப் பார்த்தால் அதிகம் எழுதிய பிள்ளைதான் மோசம் என்று தோன்றும், அடுத்த முறை அது குறைத்து எழுதும். சொல்லை முழுதாக எண்ணவும் வேண்டாம்: நடுவில் உள்ள மூன்று வரியில் எத்தனை சொல் என்று எண்ணி, மூன்றால் வகுத்து, மொத்த வரிகளால் பெருக்கிக்கொள்ளுங்கள்.